சந்தைத் தீ விபத்து அறிக்கையில் பன்னிரண்டாவது பெயரைச் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடைத் தொழிலாளி;
இணையக் கலைக்களஞ்சியத்தில் 'மைக்கூடு' என்ற பெயரில் எழுதுபவர்.
(முகவரியும் தொலைபேசி எண்ணும் பின்பக்கத்தில்)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நகராட்சிச் சந்தையில் நடந்த தீ விபத்து – விசாரணை அறிக்கையில் விடுபட்ட ஒருவரை இறந்தோர் பட்டியலில் சேர்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுவது தொடர்பாக.

பார்வை: இறந்தவரின் தங்கை இதே அலுவலகத்தில் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள். (மூன்றுக்கும் பதில் வரவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிழைப்புக்குக் கண்ணாடி தேய்ப்பவன். மற்ற நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் சம்பளமில்லாத வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எழுதுவதைச் சரிபார்ப்பது என் பங்கு. தன் மாமனாரை வள்ளல் என்று ஏழு முறை எழுதியவர், ஏரியின் ஆழத்தை நாளுக்கொன்றாக மாற்றி வேடிக்கை பார்த்தவர், தன் கடை விளம்பரத்தை வரலாறு என்று சாதித்தவர் என எல்லோரோடும் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, புதியவர் என்றாலே கை தானாக அழிப்புப் பொத்தானுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடுத்து நான் செய்த தவறு எப்படி நேர்ந்தது என்பது தங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. அங்கே சந்தைத் தீ விபத்து பற்றி ஒரு கட்டுரை உண்டு. தங்கள் அலுவலக அறிக்கையை ஆதாரமாகக் காட்டி, இறந்தோர் பதினொருவர் என்று எழுதியவன் நானே. சென்ற கோடையில் புதியவர் ஒருவர் 'பதினொருவர்' என்பதைப் 'பன்னிருவர்' என்று மாற்றினார். காரணம் எழுதவில்லை, ஆதாரம் காட்டவில்லை. நான்கு நிமிடத்தில் பழையபடி ஆக்கினேன். மறுநாளும் மாற்றினார். வழக்கமான எச்சரிக்கை வாசகத்தை ஒட்டினேன். மூன்றாம் நாள், நான்காம் நாள், அதே கதை. ஐந்தாம் நாள் நிர்வாகியிடம் முறையிட்டு அவருக்கு ஒரு வாரம் தடை வாங்கிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

3. தடை செய்யப்பட்டவர், பிறரோடு பேச ஒவ்வொருவருக்கும் அங்கே தரப்படும் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம். அங்கே அவர் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"அண்ணே, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் வெளையாட வரல. எங்க அண்ணன் அந்தத் தீயிலதான் செத்தான். அது உங்களுக்குத் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் உட்கார்ந்து இதைப் படித்தேன். அதே கடையில் கண்ணாடிச் சட்டங்களை எடுத்துக் காட்டும் என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அஞ்சு நாளா அழிச்சீங்களே, ஒரு தடவையாவது என்ன விஷயம்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை ஐயா. நாங்கள் ஒட்டும் எச்சரிக்கை வாசகத்தில் கேள்விக்குறியே கிடையாது.

4. அதன்பிறகு கேட்டேன். அவர் தையல் கூடத்தில் பொத்தான் தைப்பவர். அவருடைய அண்ணன் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். சந்தையில் கடை வைத்திருந்தவரும் அல்லர், அங்கே வேலைக்கு இருந்தவரும் அல்லர். மாடிப்படி ஓரத்துக் கடை ஒன்றுக்குப் பலகை எழுத அன்று ஒரு நாள் போனவர். உடலெல்லாம் வெந்து மருத்துவமனையில் பதினேழு நாள் கிடந்து இறந்தார். அறிக்கையோ பத்தாம் நாளே கையெழுத்தாகிவிட்டது. கடை உரிமப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் வைத்து எண்ணியிருக்கிறார்கள். இரண்டிலும் இல்லாதவர் கணக்கிலும் இல்லை.

5. உரிய அனுமதி பெற்று, தங்கள் பதிவறையில் அவரும் நானும் கோப்பைப் பார்த்தோம். காயமடைந்தோர் பட்டியலின் ஆறாவது வரி: 'பெயிண்டர், ஆண், வயது சுமார் 24, பெயர் தெரியவில்லை.' அந்த வரியில் வைத்த விரலை அவர் நெடுநேரம் எடுக்கவில்லை. எழுத்தர் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. "புரியுதும்மா. ஆனா இது முடிஞ்சுபோன அறிக்கை. இதுல நான் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. மேல இருந்து வரணும்" என்றார். மேல் என்பது தாங்கள்தான் என்பதால் இம்மனு.

6. அவர்மீதிருந்த தடையை நானே நீக்கச் செய்தேன், மன்னிப்பும் கேட்டேன். கட்டுரையில் 'பன்னிருவர்' என்று மாற்றச் சக தொகுப்பாளர்களிடம் இரண்டு வாரம் வாதாடினேன். மருத்துவமனைச் சீட்டையும் இறப்புச் சான்றையும் நாமாகச் சேர்த்து வைத்து முடிவு சொல்லக் கூடாது, உரியவர்கள் வெளியிட்ட ஆவணம் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்தப் பாடத்தைப் பலருக்கு நடத்தியவனே நான்தான்.

சத்தமில்லாமல் மாற்றிவிடும் வழியும் எனக்குத் தெரியும். கை துறுதுறுத்தது உண்மை. அவரிடமே அதைச் சொன்னேன். "வேண்டாண்ணே. இன்னிக்கு நீங்க மாத்துவீங்க, நாளைக்கு வேற யாராச்சும் வந்து அழிப்பாங்க. அவன மறுபடியும் மறுபடியும் அழிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. மெதுவாவே நடக்கட்டும். ஆனா நடந்தா நிக்கணும்" என்றார்.

எட்டு மாதங்கள் ஆகின்றன. தங்கள் அலுவலகத்தில் எந்த நாற்காலியின் கால் ஆடும் என்பதுவரை எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் தையல் கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறார். மேற்பார்வையாளர் காரணம் கேட்டால் பல்வலி என்கிறாராம். பத்தொன்பது ஆண்டுக்கு முந்தைய சாவுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

7. ஆகவே தங்களை வேண்டுவது: இணைத்துள்ள மருத்துவமனை அனுமதிச் சீட்டில், 'தீயணைப்பு வண்டியில் சந்தையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்' என்று அன்றைய செவிலியர் எழுதியிருப்பதையும், அடியில் பின்னர் பெயர் சேர்க்கப்பட்டிருப்பதையும் தயைகூர்ந்து நேரில் பாருங்கள். கோப்பின் ஆறாவது வரியோடு ஒப்பிடுங்கள். திருப்தி ஏற்பட்டால், அறிக்கைக்கு ஒரு திருத்தம் பிறப்பித்து நகராட்சி இணையதளத்தில் வெளியிடுங்கள். ஒரு பத்தி போதும்.

இழப்பீடு எதுவும் கேட்கவில்லை என்பதைத் தனியே குறிப்பிடச் சொன்னார், குறிப்பிடுகிறேன்.

விதி இடங்கொடாது என்று தாங்கள் முடிவு செய்தால், அருள்கூர்ந்து அதையும் எழுத்திலேயே சொல்லுங்கள். 'இன்ன பெயருடையவர் அந்தத் தீயில் காயமுற்றுப் பதினேழாம் நாள் இறந்தார். ஆயினும் அறிக்கையைத் திருத்த இயலாது' என்று மறுப்புக் கடிதம் அனுப்பி, அதை வெளியிட்டாலும் சரி. அந்த மறுப்பே எங்களுக்கு ஆதாரமாகிவிடும்.

சோர்வோடும் மரியாதையோடும்,

(கையொப்பம்)
மைக்கூடு

உடன் கையொப்பம்:
இறந்தவரின் தங்கை

நாள்: செவ்வாய்க்கிழமை, மார்ச் 11
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்புக் கூடம்

இணைப்பு: மருத்துவமனை அனுமதிச் சீட்டு, இறப்புச் சான்று, காயமடைந்தோர் பட்டியலின் நகல், அண்ணனின் புகைப்படம் (இதை மட்டும் திருப்பித் தர வேண்டுகிறோம், வேறு படம் இல்லை).