உப்புத் தண்ணீரில் உதிர்ந்த காந்தம்

ஜூன் 9, 1997. சாரல்.
தறி ஓட்டும் செல்லையா அண்ணனின் ரத்தம் ஓடாத காலை முதலாளி ஒரு பேப்பர் போட்டோவுக்காக விற்றுவிட்டார்.
இன்று எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு ஒரு டாக்டரை அழைத்து வந்தார். விளக்கெண்ணெய் நிரப்பிய என் கண்ணாடிக் குழாயைக் காட்டினேன். உள்ளே தீக்குச்சித் தலையளவு காந்தம், அதன் பின்னால் வாலாக செம்புக் கம்பிச் சுருள். வெளியே பெரிய காந்தத்தைச் சுழற்றினால் உள்ளே இது திருகாணி போல் நீந்தும்.
“ரத்தக் கொழாய் அடைப்பக் கொடஞ்சிரும். மொத ஆளு நம்ம செல்லையாதான்” என்றார் முதலாளி. டாக்டர் தலையாட்டிச் சிரித்தார். அண்ணனை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 10.
வாலுக்கு நேர்க்கம்பி: நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. தட்டை வால்: சுவரில் முட்டுகிறது. சுருள், நாலு சுற்று: சரி.
ரேடியோ ஸ்பீக்கர் காந்தம்: துருப்பிடிக்காது, வலு போதாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்க் காந்தம்: நல்ல வலு. அதைத்தான் அரத்தால் தேய்த்துச் சிறிதாக்கினேன். மேல்பூச்சும் போயிற்று. எண்ணெயில் ஒன்றும் ஆகவில்லை.
உடம்பில் எண்ணெயா ஓடுகிறது? ஆறு மாதமாக இது உறைக்கவில்லை. முட்டாள்.
ரத்தமும் உப்புத்தானே என்று, உப்புத் தண்ணீரில் ஒரு காந்தத்தைப் போட்டு வைத்தேன்.

ஜூன் 12. வெயில். சைக்கிள் பஞ்சர்.
அண்ணன் நொண்டிக்கொண்டு வந்தார். கால் பெருவிரல் கறுத்துவிட்டது.
“ஏலே, எம்புட்டுச் சின்னது! கண்மாய்க்கரையில பொறந்தும் நான் நீச்சல் படிக்கல, இது படிச்சிருச்சே.”
“இன்னும் சரியா வரலண்ணே. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”
“போனா விரல எடுக்கணும்ங்காவ. நேத்து வரச் சொன்னாவ, போகல. நீ காப்பாத்திருவன்னு மொதலாளி சொன்னாவல்ல.”


ஜூன் 13.
தண்ணீரில் கருஞ்சேறு. காந்தம் பாதி உதிர்ந்திருந்தது. முதலாளியிடம் காட்டினேன்.
“நெயில் பாலிஷ் அடிப்பா. பேப்பர்காரங்க படம் எடுக்குற வரைக்கும் ஓடுனாப் போதும்.”
“பொறவு அண்ணன் காலு?”
“அத டாக்டர் பாத்துக்குவாரு.”
அண்ணனிடம் ஓடினேன். சேற்றைக் காட்டினேன், இது ரத்தத்தில் கலக்கும் என்றேன். நம்பவில்லை. “நீ சின்னப்பய, பயப்படுதே. மொதலாளி அவிய வாயால ஆகாதுன்னு சொல்லட்டும், இந்த நிமிசமே பஸ் ஏறுதேன்.”

ஜூன் 14. மறுபடி சாரல்.
அண்ணனுக்கு இரவெல்லாம் காய்ச்சலாம். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, முதலாளி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். உள்ளே போனேன்.
“ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மொதலாளி. பஸ்ஸு பத்து மணிக்கு.”
பேப்பரைத் திருப்பினார். போனை எடுத்தார், பேசினார், வைத்தார். மணி பத்தாகிக்கொண்டிருந்தது. அண்ணன் காதில் விழட்டும் என்று கதவைத் திறந்து பிடித்தேன்.
“வாசல் வரைக்கும் எந்திரிச்சு வந்து சொல்லுங்க.”