புள்ளிக்கு வந்த கெடு

தாமுவே பேட்டை, 1997 ஜூலை 15, செவ்வாய்.

இந்த வாரக் கடைசியில், பர்மிய பிக்குகளின் மழைக்கால விரதம் தொடங்கும் வாசோ பௌர்ணமிக்குள் எங்கள் நாய் புள்ளி வீட்டை விட்டுப் போக வேண்டும். வீட்டுச் சொந்தக்காரி டோ மியா நேற்று மாலையில் வாசலுக்கு வந்து நேரில் சொன்னார். பிராணிகள் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் இத்தனை வருடமும் புள்ளியைத் தடவிக்கொடுத்துக்கொண்டேதான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்.

"புகார் சொன்னது யார்?" என்று கேட்டேன்.

"உங்க பேப்பர்ல தகவல் தந்தவர் பேரைப் போடுவீங்களா, சயா?" என்று சிரித்தார். நான் பத்திரிகைக்காரன் என்பதால் 'சயா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"தினம் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறீங்களே?"

"அது புண்ணியத்துக்கு. இதை மடத்துல கொண்டுபோய் விடுங்க, உங்களுக்கும் புண்ணியம்."

இன்று பிக்குகளின் மடத்தைப் போய்ப் பார்த்தேன். முற்றத்து நாய்கள் ஒரு பிடிச் சோற்றுக்கு ஒன்றையொன்று குதறுகின்றன. புள்ளிக்கு ஒரு கண் தெரியாது, பாதிப் பல் இல்லை. மனைவி தனத்திடம் மடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்சீனில் இருக்கும் அவள் தம்பியைக் கேட்டிருக்கிறோம். வீட்டில் பேசிவிட்டு வியாழக்கிழமை சொல்கிறானாம். அவன் இருப்பதும் வாடகை வீடுதான்.