பதினோராவது வளைவில் இருபத்திரண்டு நிமிடம்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை முழுக்க மேகம். பெயிண்ட் கடையில் ஈ ஓட்டினேன். மழைக்காலத்தில் யார் வெள்ளையடிப்பார்கள்.

என் மனைவி பர்வீன் மலை மேலேயிருந்து இறங்கி வர ஆறு மணி. அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் இந்த வேலையைக் கொடுத்து ஒரு மாதம். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பார்க்க வேண்டும். செவ்வாயும் சனியும். எங்கள் பழைய காரை அவளே ஓட்டுகிறாள். இன்று போடிமெட்டுக்கு அப்பால் வழி தவறி, ஏலக்காய்த் தோட்டத்துக்குள் முக்கால் மணி நேரம் சுற்றல். போனில் சிக்னல் இல்லை.

"காருக்கு நாவிகேஷன் போட்டுருவோம்ங்க. சிக்னல் இல்லாமயே ஓடுறது இருக்காம். ஜோஸ் சொன்னாரு."

போன மாதம் நானும் இதையேதான் சொன்னேன். வேண்டாம் என்றாள். இப்போது ஜோஸ் சொல்லிவிட்டான். அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவன். கேரளாவில் பூப்பாறைப் பக்கம் ஊர். முப்பது வயது இருக்கும். தாடி. சாப்பிட்டு முடிப்பதற்குள் அவன் பெயர் நான்கு தடவை. எண்ணினேன்.

அக். 16, வியாழன்

தேனி. கார் சாமான் கடை. இருவரும் போனோம். ரக ரகமாக எடுத்துப் போட்டார்கள். போனை மாட்டும் பிடி, போனிலிருந்து நெட் வாங்கி ஓடும் ஸ்கிரீன், வரைபடத்தை உள்ளேயே வைத்திருக்கும் ஸ்கிரீன்.

நான் பத்து இஞ்ச் பெரியதைக் காட்டினேன். பளபளவென்று இருந்தது.

பர்வீன் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். அவள் கையெழுத்து இல்லை. சிக்னல் இல்லாமல் வரைபடம் வேண்டும். திருப்பத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூடுபனியில் கண் கூசக் கூடாது. நாமே இடங்களைக் குறித்து வைக்க வசதி வேண்டும்.

கடைக்காரர் படித்துவிட்டு, "எழுதுனவரு விவரமான ஆளுண்ணே. பெருசு வேணாம், ரோட்ட மறைக்கும். இந்த ஏழு இஞ்ச்ச எடுத்துக்கங்க. போன வழி, நின்ன எடம் எல்லாம் தானாப் பதிவாயிரும்" என்றார்.

ஏழு இஞ்ச்தான் வாங்கினோம். கார் என்னுடையது. ஸ்கிரீன் ஜோஸ் சொன்னது.

அக். 17, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தபோது மெக்கானிக் வாசலில். பழைய ஸ்டீரியோவைக் கழற்ற ஒரு மணி நேரம். ஒயர்கள் குடல் மாதிரி வெளியே தொங்கின. ஏரியலை டேஷ்போர்டு ஓரத்தில் ஒட்டினார். சோதிக்க பஸ் ஸ்டாண்டு வரை ஒரு ஓட்டம். வேலை செய்கிறது.

சாயங்காலம் ஜோஸ் பைக்கில் வந்தான். எஸ்டேட் பாதைகளை அவன் போனிலிருந்து இதில் ஏற்ற வேண்டுமாம்.

"சேட்டா, இந்த வழியொண்ணும் மேப்புல இல்லா. நான் போயிப் பாத்து வச்சதாக்கும்."

மரியாதையான ஆள். அதுதான் எரிச்சல். ஏதாவது ஒரு குறை இருந்தால் நிம்மதியாக இருக்கும். பர்வீன் அவனுக்கு வைத்த தட்டில் மூன்று சமோசா. எனக்கு இரண்டு. (எனக்குச் சர்க்கரை, எண்ணெய் ஆகாது. தெரியும். இருந்தாலும்.)

அக். 21, செவ்வாய்

பெயிண்ட் லோடு வந்தது. நீலம் இரண்டு டப்பா நசுங்கல்.

அவள் குளிக்கப் போனதும் காரில் போய் உட்கார்ந்தேன். ஸ்கிரீன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போன வழி நீலக் கோடாக வந்தது. மலைப் பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் ஒரு புள்ளி. இருபத்திரண்டு நிமிடம். சனிக்கிழமையும் அதே இடம், பதினெட்டு நிமிடம். அங்கே வீடு இல்லை, கடை இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

சோறு போடும்போது கேட்டேன், "வழியில எங்கயும் நின்னியா?"

"நிக்கலையே. நேரா மேலதான்."

முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

அக். 25, சனி

பத்து மணிக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். ஜோஸின் பைக் இல்லை. வாட்ச்மேன், "அவரு சனிக்கிழமை மேல போயிருவாரு" என்றார்.

சாயங்காலம் மறுபடி காருக்குள். அதே வளைவு. இருபது நிமிடம்.

இதையெல்லாம் செய்கிற என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. செய்யாமலும் இருக்க முடியவில்லை.

அக். 28, செவ்வாய்

கடையைப் பூட்டினேன். பக்கத்துக் கடைக்காரரின் பைக்கை வாங்கி, அவள் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து மலை ஏறினேன். எட்டாவது வளைவிலிருந்தே பனி. முன்னால் போகும் ஜீப்பின் சிவப்பு விளக்கு மட்டும்.

பதினோராவது வளைவு. தடுப்புச் சுவர் ஓரமாக எங்கள் கார், விளக்கு மினுக்கிக்கொண்டு. பக்கத்தில் பைக் எதுவும் இல்லை. நடந்து போய்ப் பார்த்தேன்.

அவள் மட்டும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். நெற்றியும் அதன் மேல். கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"கை நடுங்குதுங்க. இதுவரைக்கும் வந்துருவேன். இங்க திரும்பினா பள்ளம் மொத்தமாத் தெரியும். பனியில தெரியாட்டியும் அங்க இருக்குன்னு தெரியும். கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிரும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா சாவிய வாங்கி வச்சுக்கிருவீங்க."

வாங்கி வைத்திருப்பேன். உண்மை.

அதோடு வாயை மூடியிருக்கலாம். கேட்டேன். "ஜோஸுக்குத் தெரியுமா?"

"தெரியும். இங்கதான் அகலமா இருக்கு, நிறுத்திக்கங்கன்னு சொன்னதே அவருதான்."

அவள் கண் ஸ்கிரீனுக்குப் போனது. பிறகு நான் வந்த பைக்குக்கு. பிறகு என் மேல் வந்து நின்றது. நான் எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

"நேரமாச்சு. மேல ஒரு பாட்டையாவுக்குப் புண்ணு கட்டணும்" என்றாள். காரை எடுத்தாள். பனிக்குள் போய்விட்டாள். திருப்பத்தில் கொஞ்சமும் தடுமாறவில்லை.

அவனோடு ஒன்றுமில்லை. சந்தோஷப்பட வேண்டும். பயத்தை அவனிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. கீழே இறங்கும் வரை அதுதான் குத்திக்கொண்டே வந்தது. முன்பு நினைத்ததைவிட இது அதிகமாக வலிக்கிறது.

அக். 29, புதன்

வெயில். காலையில் சாவியை என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"வேணும்னா வச்சுக்கங்க."

எடுத்து அவள் கைப்பையில் போட்டேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை.

"சனிக்கிழமை நானும் கூட வரட்டுமா?"

வெகுநேரம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. ஆனா பின் சீட்டுல உக்காரணும். வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன். முன் சீட்டில் யாராவது உட்காருவார்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.