ஐந்தருவி மேட்டில் ஆளுக்கொரு கால்

மாப்ளே,

நேற்று தென்காசியில் ஐந்தருவி பஸ் ஏறினேன். யாரோ ஒருவர் புளியங்குடியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாக்கைச் சீட்டுக்கடியில் திணித்திருந்தார். நாலைந்து பழம் நசுங்கியிருக்க வேண்டும். வண்டி கிளம்பிப் புகை உள்ளே வந்ததும் புகையும் எலுமிச்சையும் கலந்து மூக்கில் ஏறின. அவ்வளவுதான், எழுபத்தெட்டு வயதில் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்த மனிதர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னை நினைத்தால் அழுகைதான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு என்னவோ நம்முடைய கார்தான் வருகிறது.

உலக யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நான் தென்காசியில் டாக்டரிடம் கம்பவுண்டர். நீ வேலையில்லாத லாரி டிரைவர். எலுமிச்சை லோடுடன் ஆரியங்காவு மலைப்பாதையில் போனபோது, எதிரே வந்த மரலாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கினாய். பழம் அத்தனையும் காட்டுக்குள் ஓட, உன் இடது கால் மட்டும் வண்டிக்குள் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, பாதத்தில் பலம் வரவில்லை. அதன்பிறகு எந்த முதலாளியும் உன்னிடம் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. நீ வெளியில் சிரித்துக்கொண்டுதான் திரிந்தாய். உன் வீட்டுக்காரிதான் ஒருநாள் மருந்து வாங்க வந்தபோது சொன்னாள்: "அண்ணாச்சி, அவுக தூக்கத்துலயும் ரெண்டு கையையும் சுத்திக்கிட்டே கிடக்காக. வண்டி ஓட்டுதாகளாம்." அதைக் கேட்டபிறகு உன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்தப் பங்குனியில்தான் குற்றாலத்துப் பங்களாவுக்கு ஊசி போடப் போனேன். திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துப் பருத்தி வியாபாரி அண்ணாச்சி ஒருவர் சீசனுக்கென்று கட்டிய வீடு. காய்ச்சலில் படுத்திருந்தார். நீ சும்மாதானே இருக்கிறாய் என்று சைக்கிள் கேரியரில் உன்னையும் ஏற்றிக்கொண்டு போனேன். நான் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கையில் கொல்லையிலிருந்து உன் சத்தம்.

"ஏலே! இங்கன வாலே! ஓடி வா!"

பாம்பு கடித்துவிட்டது என்றே நினைத்து ஓடினேன். பாகல்கொடி மூடிய கொட்டகைக்கு முன்னால் நீ நின்றிருந்தாய். கொடியை விலக்கிக் காட்டினாய். தட்டு அகலத்துக்கு ஒரு விளக்கு. அதற்குப் பின்னால் நீளமான மூக்கு, வளைந்த மட்கார்டு. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு நம்மை முறைத்தது.

"காருலே!" என்றாய். விபத்துக்குப் பிறகு அப்படியொரு முகத்தை உன்னிடம் நான் பார்க்கவில்லை.

அண்ணாச்சி போர்வைக்குள்ளிருந்தே விவரம் சொன்னார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நிறுத்தியது நிறுத்தியதுதான். சாரலுக்கு முன் பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

"ஓட்டிக் காட்டுனா எனக்குத் தருவியளா?" என்று கேட்டுவிட்டாய்.

அவர் உன் காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஐந்தருவி வரைக்கும் என்னைய வச்சு நீரே ஓட்டிட்டு வாரும். வண்டி ஓமக்கு. சீசனுக்கு எங்க வீட்டு ஆளுகளை ஏத்தி இறக்குனாப் போதும். முடியலைன்னா இரும்புக்காரன் வருவான்."

அன்றிலிருந்து கொட்டகைதான் உன் வீடு. கோழிக்குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை பின்சீட்டைத் தொடவில்லை, அது உன் நீதி. பெயர்த்தகடு எப்போதோ உதிர்ந்துபோனதால் அது எந்தக் கம்பெனி வண்டி என்றுகூட நமக்குத் தெரியாது. பார்க்க வந்த மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எஞ்சின் துருவில் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி, பத்தாம் நாள் அது ஒரு விரற்கடை அசைந்தபோது நீ எனக்கு முத்தம் கொடுத்தாய். முகமெல்லாம் கிரீஸ். டாக்டர் வேண்டாமென்று போட்ட ரப்பர் குழாய் பெட்ரோல் குழாயாயிற்று. உன் பழைய லாரிக் கூட்டாளிகள் சந்தையில் கழித்த எலுமிச்சம்பழங்களைச் சாக்குச் சாக்காக இறக்கிவிட்டுப் போனார்கள். அவற்றை வெட்டித் தேய்க்கத் தேய்க்க, கறுத்துக் கிடந்த பித்தளை விளக்குகள் தங்கமாகிக்கொண்டே வந்தன.

அங்கேதான் நான் என் கம்பவுண்டர் மூளையைக் காட்டினேன். புளிப்பு துருவைத் தின்னும் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் துருவையும் தின்னத்தானே வேண்டும்? ஒரு குடம் சாறு பிழிந்து உள்ளே ஊற்றினேன். ஊரில் விஷக்காய்ச்சல் பரவியதால் நாலு நாள் அந்தப் பக்கமே வர முடியவில்லை. வந்து பார்த்தால், சாறு துருவைத் தின்று, துரு அடைத்திருந்த ஓட்டைகளையெல்லாம் திறந்துவிட்டிருந்தது. ரேடியேட்டர் பன்னீர்ச் செம்பு மாதிரி தெளித்தது.

"மருந்து குடுத்து ஆளையே கொன்னுட்டியேலே, பாவி!"

ஈயம் பூசுகிறவரைக் கூட்டிவந்து பெரிய ஓட்டைகளை அடைத்தோம். பொடி ஓட்டைகளுக்கு உன் உம்மா வழி சொன்னார். பானை கசிந்தால் வைப்பதைப்போல் மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். நின்றது என்று சொல்ல முடியாது, குறைந்தது.

ஆனால் உண்மையான இடி அதற்குப் பிறகுதான். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் செருமியது, ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. பங்களாவில் இருந்த அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். நீ 'பிஸ்மி' சொல்லி உட்கார்ந்தாய். இடது காலுக்கான கிளட்ச்சை மிதித்தாய். மிதி கல்லாக இருந்தது. உன் இடது கால் அதன்மேல் சும்மா கிடந்து நடுங்கியது. மறுபடி மிதித்தாய். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, நீ ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, என் வலது காலைக் குறுக்கே நீட்டி அமுக்கினேன். மிதி இறங்கியது.

நீ என்னைப் பார்த்தாய். கியரைப் போட்டாய். "மெதுவா எடுலே" என்றாய். எடுத்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக நின்ற கார் நாலடி நகர்ந்தது. நாம் இருவரும் பைத்தியங்களைப்போல் கத்தினோம்.

அதன்பிறகு தினமும் அந்தக் கொல்லைக்குள் பழகினோம். "நான் சொல்லுததுக்கு முன்ன எஞ்சினே கிளட்ச்சைக் கேக்கும்லே. அதைக் கேளு" என்பாய். அண்ணாச்சி சொன்னது 'நீரே ஓட்டணும்' என்று. பின்னால் உட்கார்ந்து வரப்போகிறவருக்குத் தெரியக் கூடாது. ஆகவே ஓர் ஏற்பாடு: நீ இருமினால் நான் அமுக்க வேண்டும், தொண்டையைக் கனைத்தால் எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமென்று சொல்லி நான் முன்னால் ஏறிக்கொள்வது. மடிக்கு மேல் ஒரு பெரிய துண்டு.

அந்த நாளும் வந்தது. அண்ணாச்சி ஜரிகை வேட்டியும் குடையுமாகப் பின்னால் ஏறினார். உன் வீட்டுக்காரி வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நீ இருமினாய், கனைத்தாய், வண்டி கிளம்பியது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். குரங்குகள்கூடச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. "உடம்புக்கு என்ன, சளியோ?" என்று அண்ணாச்சி கேட்டார். "சாரல் காத்து ஒத்துக்கிடலை" என்றாய்.

ஐந்தருவி மேட்டில் பாதி ஏறியிருப்போம். ரேடியேட்டர் கொதித்து மஞ்சள் ஆவி கிளம்பி நேராக உள்ளே வந்தது. கல்யாண வீட்டுக் குழம்பு வாசனை. உனக்குப் புரையேறியது. இருமினாய். நிஜ இருமல்! நான் கடமை தவறாமல் அமுக்கினேன்.

எஞ்சினின் பிடி விட்டு வண்டி நின்றது. பிறகு பின்னால் உருண்டது. பக்கத்தில் ஓடை. நீ இருமிக்கொண்டே இருந்தாய், நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி 'முருகா, முருகா' என்று அலறினார். நீ பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்திவிட்டுக் கத்தினாய்:

"நெசமா இருமுதேன்லே, கோட்டிக்காரா!"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். துண்டு நழுவி என் கால் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சாரல் விழத் தொடங்கியிருந்தது. காரின் கொதித்த மூக்கின்மேல் அது பட்டுச் சீறியது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கியரைப் போட்டாய். ஒளிக்க இனி என்ன இருக்கிறது? "எடு," என்றாய் உரக்க. "மெதுவா... மெதுவா... இன்னும் மெதுவா எடுலே." என் தொடை வெடவெடவென்று ஆடியது. நீ கைப்பிரேக்கைத் தளர்த்தினாய். வண்டி பின்னால் போகவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு ஏறியது. மாப்ளே, ஏறியது!

மேலே போய் நிறுத்தியபின்னும் நீ ஸ்டியரிங்கை விடவில்லை. அண்ணாச்சி இறங்கி, குடையை விரித்து, உன் பக்கம் வந்தார்.

"வண்டி உருண்டப்பம் பிடியை விட்டுருவீரோன்னு பயந்தேன். விடலை. அதுக்குப் பேருதான் ஓட்டுதது." என் காலைக் குடையால் காட்டினார். "ஆனா நெதம் இந்த ஆளைக் கொண்டாந்தா ஊருல ஊசி போடுதது யாரு? கைக்கு ஒரு கம்பி வச்சுக்கிடும்."

அப்போதுதான் நீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாய். நானும் அழுதேன். சாரல்தான் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

கிளட்ச்சைக் கையாலேயே அமுக்கக் கொல்லர் ஒரு கம்பி அடித்துக் கொடுத்தார். அந்தச் சீசனிலேயே நீ தனியாக ஓட்டினாய், அறுபதுகள் முழுக்க ஓட்டினாய். "இப்பம் கையைச் சுத்தாம தூங்குதாக" என்றாள் உன் வீட்டுக்காரி. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கம்பிமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. உனக்கு அது தெரிந்திருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் ஏறும்போதெல்லாம், அந்த மேடு வந்ததும் என்னைப் பார்த்து இருமுவாய். நான் வெறும் தரையை அமுக்குவேன். பின்னால் இருக்கும் சீசன்காரர்களுக்கு நாம் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாது.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பேச்சு நின்றிருந்தது. இருமினாய். நிஜ இருமலா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலருகே ஸ்டூலில் இருந்தபடியே தரையை அமுக்கினேன். உன் உதடு ஒரு பக்கமாக விரிந்தது.

நேற்று பஸ் அந்த மேட்டில் திணறியது. எஞ்சின் கேட்டது, டிரைவருக்குக் கேட்கவில்லை. என் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது.

"என்ன அண்ணாச்சி, கால் பிடிச்சுக்கிட்டோ?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"இல்ல, கிளட்ச்சு" என்றேன்.

டிரைவர் ஒருவழியாகக் கியரை மாற்றினார். பஸ் ஏறியது. நான் காலை மெதுவாக, மெதுவாக எடுத்தேன்.