கதிர்வேலின் இனிஷியல்

ஜனவரி 20, செவ்வாய்
பனி. காலை எட்டு மணிக்கும் லைட் போட்டுத்தான் வேலை. மூக்கு ஒழுகல்.

நினைவுத்தூண் கமிட்டித் தலைவர் கூப்பிட்டார். எங்கள் கம்பெனி முதலாளியும் அவர்தான். பனியனுக்கு எழுத்து வடிவமைப்பவன் கல்லுக்கும் செய்து தரவேண்டுமாம். போரில் செத்த ஊர்க்காரர்கள் மூன்று பேர். முதல் இருவரும் நான் பிறப்பதற்கு முன்பு. மூன்றாமவன் கதிர்வேல். பத்தாவது வரை ஒரே பெஞ்ச்.

'ம. கதிர்வேல்' என்று அடித்துக் கொடுத்தேன். மாராத்தாள், அவன் அம்மா. சான்றிதழிலும் ராணுவத்திலும் அதுதான். தலைவர் பேனாவால் ம-வை அடித்துவிட்டு ப என்று எழுதினார்.

"அப்பன் உசுரோட இருக்கறப்ப ஆத்தா பேர்ல இனிசியல் போட்டா ஊரு சிரிக்குமுங்க தம்பி."

அப்பன் பரமசிவம். கதிருக்கு மூன்று வயதாகும்போது ஓடிப்போனவர். மகன் செத்ததும் மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

திருத்திக் கொடுத்தேன். த்தூ.

22, வியாழன்
மாராத்தாளம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் மேஜையில் பனியனை விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஸ்கூல்ல சேத்தறப்ப அப்பன் பேரு கேட்டாங்க. எம்பேரப் போடுங்கன்னு மூணு நாளு வாசப்படியிலயே உக்காந்து வாங்குன எழுத்து கண்ணு, அது."

அடுத்த பனியனை இழுத்தபடி, "நான் போயிக் கேட்டா வேலைய உட்டு நிறுத்திருவாங்களா?"

தெரியாது என்றேன். தெரியும்.

23, வெள்ளி
பாதி நாள் லீவு. பஸ்ஸில் திருமுருகன்பூண்டி, சிற்பக்கூடம். கல்லில் எழுத்து வெட்டி முடிந்திருந்தது. சுற்றிலும் முடியாத பிள்ளையார்கள். நடுவில் கதிர்.

"வெட்டுனத அழிக்க முடியாதுங்க. புதுக் கல்லுதான்" என்றார் சிற்பி.

விரலை வைத்துப் பார்த்தேன். ஆழமான ப. வலது காலில் ஒரு சுழி சேர்ந்தால்?

கேட்டேன். சிற்பி கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சேக்கறதுன்னா சேக்கலாம். யாரு சொன்னான்னு கேட்டா?"

"எம்பேரச் சொல்லுங்க."

அவர் உளியை எடுத்துவிட்டார். கொஞ்சம் நெருக்கமான ம. போதும்.

26, திங்கள்
கொடியேற்றம், மிட்டாய், தூண் திறப்பு. அடியில் உபயதாரர்கள் பட்டியல், செத்தவர்களைவிட நீளம். பரமசிவத்துக்கு மேடையில் பொன்னாடை. மாராத்தாளம்மா கீழே, வெயிலில். "போட்டோவுல மறைக்குதுங்க, தள்ளி நில்லுங்க" என்று எவனோ.

துணி விலகியது. மாராத்தாளம்மா கல்லுக்குப் பக்கத்தில் போய் எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

தலைவர் சீட்டைப் பார்த்து மைக்கில், "ப. கதிர்வேல்."

"ஏனுங்க, கல்லப் பாத்துப் படிங்க."

மாராத்தாளம்மாவின் குரல். கூட்டம் கல்லைப் பார்த்தது. தலைவர் என்னைப் பார்த்தார்.

"படிங்க சாமி. அத்தன பேரும் நிக்கறாங்க."

படித்தார்.