பொட்டலத்தில் கட்டிய சார்பு

அலமாரியைத் துடைக்கும்போது அடித்தட்டில் விரித்திருந்த தாள் கையோடு வந்தது. ஓரங்களில் துளைகள், குறுக்கே வெளிறிய பச்சைப் பட்டைகள். பல்கலைக்கழகக் கணினி அறையின் அச்சுத்தாள். எட்டு வரவேண்டிய இடத்தில் நீளமாக ஏதோ ஓர் எண். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் நீ போட்ட வட்டம்.

எழுபதுகளின் கடைசி அது. ஒரு மதிப்பைக் கொடுத்தால் இன்னொன்றைத் திருப்பித் தரும் சார்புகளை வைத்தே எல்லாவற்றையும் எழுதும் ஒரு சிறிய நிரல்மொழியை நாம் இருவரும் இறுதியாண்டு வேலையாகச் செய்துகொண்டிருந்தோம். அதில் ஒரு சார்பு இன்னொரு சார்பை உருவாக்கித் தரும். ஐந்தைக் கொடுத்தால், எந்த எண்ணோடும் ஐந்தைக் கூட்டுகிற புதிய சார்பு கிடைக்கும். அதனிடம் மூன்றைக் கொடுத்தால் எட்டு. உடனே கேட்டால் எட்டுதான் வந்தது. இடையில் வேறொரு கணக்கை ஓட்டிவிட்டுக் கேட்டால் குப்பை வந்தது.

"நல்லாத்தானே இருந்துச்சு, என்னடி ஆச்சு இதுக்கு?" என்று தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினாய். அடுத்த வாரம் விரிவுரையாளர் ஓட்டிப் பார்ப்பார். சரியாக ஓடினால்தான் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு உன்னைப் பரிந்துரைப்பார். நான் பினாங்கிலேயே வேலை தேடுவதாக இருந்தேன், தவித்தது நீதான்.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முதல் சார்பு வேலையை முடித்ததும் அதன் நினைவக இடம் அடுத்ததற்குப் போய்விடும். புதிய சார்போ ஐந்து இருந்த இடத்தின் முகவரியை மட்டும் வைத்திருந்தது. அது போய்ப் பார்க்கும்போது அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள். அந்த இடத்தைக் காலிசெய்யாமலே விட்டுவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கடையில் சோறும் குழம்பும் கட்டி வாங்கிக்கொண்டு, பட்டர்வொர்த்தில் உன் வீட்டுக்கு ஃபெரியில் போனோம். பொட்டலம் உன் மடியில் இருந்தது.

"நீ சொல்றது எப்படித் தெரியுமா? ஒரு பொட்டலம் சோத்துக்கு முழுக் கடையையும் ஃபெரில ஏத்தச் சொல்ற. கடைக்கார பாயும் வரணும், அண்டாவும் வரணும்."

"அப்ப சோத்த மட்டும் கட்டிக்க. குழம்புக்குக் கடை அட்ரஸ எழுதி வாங்கிக்க," என்றேன் எரிச்சலோடு.

"அதத்தானே இப்ப பண்ணி வச்சிருக்கோம், மண்டு! வேணுங்கறத மட்டும் உள்ளயே வச்சுக் கட்டணும் லா."

அக்கரை வருவதற்குள் முடிவாகிவிட்டது. ஒவ்வொரு சார்புக்கும் நினைவகத்தில் தனியாக ஒரு சிறு இடம். முதலில் அது செய்யவேண்டிய கட்டளைகளின் முகவரி. அடுத்து, அந்தக் கட்டளைகள் பெயர் சொல்லிக் கேட்கும் மதிப்புகளின் நகல். அவை கேட்காத எதற்கும் அங்கே இடமில்லை. விரிவுரையாளர் நடுவில் என்னென்னவோ ஓட்டிப் பார்த்தார், எட்டுதான் வந்தது. நீ வெளிநாடு போனாய். பிறகு நாம் சந்திக்கவே இல்லை.

அன்று ஃபெரியிலிருந்து இறங்கும்போது நான் ஒன்று கேட்டேன். "நகல் எடுத்த பிறகு அசல் மாறிட்டா?"

"நம்ம மொழியில எதுவும் மாறாதுடி. ஒரு தடவ வச்சா வச்சதுதான்."

உண்மைதான். அதனால்தான் நகல் போதுமானதாக இருந்தது.

போன மாதம் நீ இறந்த செய்தியோடு வந்த உன் அக்கா உன் படம் ஒன்றைக் காட்டினார். முடியை ஒட்ட வெட்டி, தடித்த கண்ணாடி போட்டு, பனியில் நிற்கிற ஒருத்தி. எதற்குச் சிரிப்பாள், எதற்குச் சண்டை பிடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என்னிடம் இருப்பவள் என்னை மண்டு என்று திட்டியவள். இந்த இருபது வருடத்தில் நீ எவ்வளவோ மாறியிருப்பாய். அவள் மாறவில்லை.