மாடி அறையும் மூன்றாவது கட்டிலும்

கிளிஞ்சல்மேடு,
காரைக்கால்.
மே 25, ஞாயிறு.

அன்பு மகள் பாரதிப்ரியாவுக்கு அப்பா தர்மலிங்கம் எழுதுவது. இங்கே நான், அம்மா, மதிவதனி, சிவா நான்கு பேரும் காரைக்கால் அம்மையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கலாம் என்றால் பதினோரு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை, அம்மாவுக்கு மட்டும் தினமும் 'டியூட்டி' என்று ஒரு வார்த்தை அனுப்புகிறாய். டியூட்டி பார்க்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு இதை எழுதுகிறேன். போன் என்றால் கட் பண்ணிவிடலாம், கடிதத்தை அப்படிப் பண்ண முடியாது பார், கிழித்துப் போடுவதற்குக்கூட முதல் நாலு வரியாவது படித்துத்தான் ஆகவேண்டும். நீ இருக்கிற நொய்டா பக்கம் வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தண்ணீர் குடி தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு நீ குடிக்காமல் இருப்பாய், எனக்குத் தெரியும். தயிர் கிடைத்தால் மோராக்கிக் குடி, உப்புப் போட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறைக்கு வெள்ளையும் நீலமும் அடித்து முடித்த அன்று மதி அதைப் படம் எடுத்து 'என் ரூம்' என்று ஸ்டேட்டஸ் போட்டாள். நீ அதைப் பார்த்துவிட்டு, 'நல்லா இருக்கு, இனிமே நான் வந்தா எங்க படுக்கறது' என்று ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டவள்தான். அம்மா அந்த வரியைக் காட்டியபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு அறைக்காகவா இந்த வீம்பு, கூடப்பிறந்ததுகள்தானே, ஊரானுக்கா கொடுத்துவிட்டோம் என்று நான் பாட்டுக்குக் கத்தினேன். அம்மா கத்தவில்லை. மீன் ஆய்ந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "ஒங்க போட்டுல எவனாச்சும் ஒங்கள ஒரு வார்த்தை கேக்காம வேற பேரை எழுதி வச்சா நீங்க சும்மா இருப்பீங்களா" என்று கேட்டாள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அவள் ஆய்ந்த அந்த மீனையே சாப்பிட்டேன்.

ஏன் அந்த அறையில் கை வைத்தேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மதி இந்த ஜூனில் ஒன்பதாவது போகிறாள். நான் விடியற்காலம் கடலுக்குப் போகவேண்டும் என்று எட்டு மணிக்கே ஹாலில் பாயை விரித்துவிடுவேன், சிவா டிவியை விடமாட்டான், அம்மா அறையில் துணிமணி, அரிசி மூட்டை போக ஆள் திரும்ப இடமில்லை. பரீட்சை சமயத்தில் ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் இந்தப் பெண் அடுப்படியில் கிரைண்டர் மூடிமேல் நோட்டை வைத்து நின்றபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏன்டி நிக்கிறே என்றால், "ஒக்காந்தா தூக்கம் வருதுப்பா" என்றாள். உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மேலே உன் அறை பூட்டிக் கிடக்கிறது, நீ வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் வருகிறாய், மற்ற நாளெல்லாம் நான் அங்கே கிழிந்த வலையும் எஞ்சின் சாமானும் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோலத்தை யாராவது ஸ்டேட்டஸ் போட்டிருந்தால் நீ இன்னும் அதிகமாகத் திட்டியிருப்பாய். சரி, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அதைப் பிள்ளைகள் அறையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய படகுகளுக்குத்தான் மீன்பிடித் தடைக்காலம், நம் ஃபைபர் படகுக்கு இல்லை என்றாலும் அடியில் விரிசல் கண்டிருந்ததால் அதையும் கரையேற்றி வேலை பார்த்தேன். கையில் பதினைந்து நாள் இருந்தது, பெயிண்டும் மிச்சம் இருந்தது.

அந்த மிச்ச பெயிண்ட்தான் முதல் சண்டை. படகுக்கு அடிக்கிற நீலத்தையே நான்கு சுவருக்கும் அடித்துவிட்டால் பத்து வருடம் உப்புக்காற்று தொடமுடியாது என்றேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, புள்ளைங்க படுக்கற எடமா இல்ல எஞ்சின் ரூமா என்று கேட்டாள். மதிதான் போனில் செலவில்லாமல் அறை அலங்கரிப்பது எப்படி என்று ஊரில் இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்து வைத்திருந்தாளே, அவள் தீர்ப்பு சொன்னாள். இடுப்பு உயரம் வரை வெளிர் நீல டிஸ்டெம்பர், சிவா கை துடைத்தால் தெரியாது, மேலே வெள்ளை, அறை பெரிதாகத் தெரியும். என் படகு பெயிண்ட் ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் மட்டும். கட்டிலுக்கு டவுனில் அல்லா பிச்சை பாய் கடைக்குப் போனோம், பழைய மரச்சாமான், இரும்புச்சாமான் எல்லாம் வைத்திருப்பாரே. நான் இரண்டு கட்டில் கேட்டேன். அவர் அறையின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு கட்டிலு போட்டா புள்ளைவொ நடக்குறது எங்க, சொவத்துலயா" என்று சிரித்து, ஏதோ ஹாஸ்டலைக் காலி செய்தபோது வந்த இரண்டடுக்கு இரும்புக் கட்டிலைக் காட்டினார். துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்ததும் புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் திரை அம்மாவின் மஞ்சள் புடவை, நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது இல்லை, பயப்படாதே, அதற்கு முந்தின புடவை. பழைய வலையைத் துவைத்துச் சுவர் மூலையில் ஊஞ்சல் போலக் கட்டி, சிவாவின் பந்து, பொம்மை, உடைந்த கார் எல்லாவற்றையும் அதில் போட்டாயிற்று. தரையில் கிடந்தால் மிதித்துக் கத்துகிறவன் நான்தானே.

புத்தக அலமாரிக்கு நான் ஒரு யோசனை சொன்னேன், அதை மட்டும் கேட்காதே. ஏலக்கூடத்தில் விளிம்பு உடைந்தது என்று ஒதுக்கிய பிளாஸ்டிக் மீன் பெட்டி ஆறு கொண்டுவந்து, பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை தேய்த்து, வெயிலில் நான்கு நாள் காயவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டினேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, மதியே மெச்சினாள். எங்கள் மூக்குக்கு ஒரு வாடையும் இல்லை. ஆனால் நாங்கள் மீன்காரர்கள், எங்கள் மூக்கை நம்பலாமா? மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அடுத்த வீட்டுப் பூனை சமூக அறிவியல் புத்தகத்தின்மேல் சுருண்டு படுத்திருக்கிறது. விரட்டினால் போகிறது, திரும்ப வருகிறது. அம்மா அதற்கப்புறம் எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், பூனைக்கு எலுமிச்சையும் பிடிக்கும் போலிருக்கிறது.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம். அறை வாசலுக்கு எதிர்ச்சுவரில் நீ பிளஸ் டூ படித்தபோது பென்சிலால் இதயம் வரைந்து, நாலு அறையும் பிரித்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தாய். பக்கத்தில் எலும்புகளின் பெயர் ஒரு முழம் நீளத்துக்கு. அதை நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போது ஒரு நிமிடம் கை நின்றது, உன்னிடம் கேட்கலாமா என்று நினைத்தேன், டியூட்டியில் இருப்பாய், சாயங்காலம் கேட்போம் என்று தேய்த்துக்கொண்டே நினைத்தேன். சாயங்காலம் சுவர் வெள்ளையாக இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துப் படித்துத்தான் நீ நர்ஸ் ஆனாய். அங்கே ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஒரு கட்டிலும் ஒரு பூட்டுப்போட்ட பெட்டியும்தான் உனக்கு இடம் என்று தெரிந்தும், ஊரில் உனக்கென்று இருந்த ஒரு சுவரை உன்னைக் கேட்காமல் அழித்தேன். தப்பு என்னுடையது, மதியுடையது இல்லை. அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை. உன் பச்சைத் தகரப்பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை, பூட்டோடு ஜன்னலுக்குக் கீழே வைத்து, மேலே அம்மா பஞ்சு திணித்த மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாள். உட்கார்ந்தால் தென்னைமரத்துக்கு அப்பால் கடல் தெரிகிறது.

உன் வரியைப் படித்த மறுநாளே நான் இன்னொரு வேலை தொடங்கினேன். கீழ்க்கட்டிலுக்கு அடியில் ஒன்றரை அடி இடம் சும்மா கிடந்தது. அல்லா பிச்சை பாயிடம் பழைய கதவு ஒன்று வாங்கி, உடைந்த மீன் வண்டியின் நாலு சின்னச் சக்கரத்தைக் கழற்றி அடியில் பொருத்தி, இழுத்தால் வருகிற மாதிரி மூன்றாவது கட்டில் செய்தேன். பகலில் உள்ளே போய்விடும், ராத்திரி வெளியே வரும். முதல் தடவை சிவா அதில் ஏறி உட்கார்ந்து தள்ளச் சொல்லி மாடிப்படி வரைக்கும் போய்விட்டான், அப்புறம் சக்கரத்துக்கு ஆப்பு வைத்தேன். இது உனக்கு என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் மதி அதைப் பார்த்துவிட்டு அக்காவுக்குக் கீழ்க்கட்டில், இது எனக்கு என்று சொல்லிவிட்டாள். அவள் ஸ்டேட்டஸை அன்றைக்கே அழித்துவிட்டாள், உனக்குத் தெரியாது. அக்கா பேசுகிறவரைக்கும் அந்த அறையில் படுக்கமாட்டேன் என்று இன்றுவரை ஹாலில்தான் படுக்கிறாள். சின்ன அக்கா இல்லாமல் மேலே தனியாகப் படுக்க எனக்குப் பயம் என்று சிவாவும் ஹாலில். இத்தனை பாடுபட்டுப் பிள்ளைகள் அறை செய்தேன், பதினோரு நாளாக அதில் சொகுசாகத் தூங்குவது பூனை ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் எழுதினால் பிள்ளைகளுக்கு ஆசை வந்து மேலே போய்ப் படுப்பார்கள் என்று படகுக்குப் பெயர் எழுதுகிற முருகானந்தத்தைக் கூப்பிட்டேன். அன்று காலையில்தான் நம் படகுக்கு எழுதி முடித்திருந்தான், கையில் டப்பாவும் பிரஷும் அப்படியே இருந்தது. மாடிக்கு அழைத்துப் போய் எதிர்ச்சுவரைக் காட்டி, பேரை எழுதிடுப்பா என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன். எந்தப் பெயர் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. தெருமுக்கில் இரண்டு பேரோடு பேச்சு இழுத்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல், படகின் முன்பக்கம் இருக்கிற அதே அளவில், பாரதிப்ரியா. எனக்கு டீ தூக்குவாளி கையிலேயே நிற்கிறது. அவன் இறங்கி, நம்பர் போட எடம் விட்டுருக்கேன்ணே, வீட்டுக்கும் நம்பர் உண்டா என்று கேட்கிறான். அடப்பாவி, இது சின்னதுங்க ரெண்டு பேரும் படுக்கற ரூமுடா என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பதினஞ்சு வருசமா ஒங்களுக்கு இந்த ஒரு பேரைத்தானேண்ணே எழுதுறேன். ஒங்க வேலைன்னா கை தானா அங்கதான் போவுது" என்றான்.

சிவா ஓ என்று அழுதான், எங்க பேரு எங்க என்று. வெள்ளை அடித்து மறைத்துவிடலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிக்காதீங்கப்பா. எங்க பேரைக் கட்டில்ல எழுதச் சொல்லுங்க, போதும்" என்றாள். அப்படியே எழுதியாயிற்று, மேல்கட்டிலில் சிவா பெயர் கொஞ்சம் பெரிதாக, அது அவன் போட்ட நிபந்தனை. அம்மா வந்து பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, கூலிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒங்களுக்குத் தெரியல என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நீ எங்கே படுப்பது என்று கேட்டாய், பாப்பா. உன் இதயத்தை வரைந்த சுவர் போய்விட்டது, அதற்கு அப்பாவை மன்னித்துக்கொள். அதே சுவரில் உன் பெயர் இருக்கிறது. வந்து அதற்குக் கீழே படு.

மாங்கனித் திருவிழாவுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் ரயிலில் இடம் கிடைக்காது. அம்மையார் துணையில் நீ நோய்நொடி இல்லாமல், பார்க்கிற நோயாளிகள் எல்லாரும் வாழ்த்தும்படி நல்லபடி இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். தகரப்பெட்டிச் சாவியை மறக்காமல் கொண்டுவா. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, மதிக்கு ஒரு போன் போட்டு, மேலே போய்ப் படுடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் இனி ஒரு ஆணிகூட அடிக்காத அப்பா,
தர்மலிங்கம்.